மூன்றாவது நாக்கு

தங்கமாரியப்பனும் வேலுத்தாயும் தை மாதம் கல்யாணம் முடித்தார்கள். மாசி பிறந்து மூன்றாம் நாள் கோவில்பட்டி பஜாரில் ஒரு வங்கிக்குப் போய், இரண்டு பேர் சம்பளமும் ஒன்றாக வந்து விழுவதற்கு இரண்டு பேர் பெயரிலும் ஒரே கணக்காகத் தொடங்கிவிட்டு வெளியே வந்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து எடுத்த முதல் நோட்டை மாற்றி எதிர்க்கடையில் அவன் ஒரு டீ வாங்கிக் குடித்தான். இந்த வெயிலில் டீ எதற்கு என்று அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் முதல் மடக்கை விழுங்கியதும் அவளுக்கு நாக்கு சுட்டது.

"இவ்வளவு சீனியா போட்டுக் குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாயெல்லாம் தித்திக்குதே."

அவன் கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சோதித்துப் பார்க்க ஒரு காரச்சேவை எடுத்துக் கடித்தான். அவள் "மிளகு" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

அவன் எட்டயபுரம் போகிற மினி பஸ்ஸில் கண்டக்டர், அவள் பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறவள். கணக்கைச் சேர்க்கிற யோசனை அவளுடையது. "உங்க சம்பளம், என் சம்பளம்னு ரெண்டு எதுக்குங்க? உலை ஒண்ணுதானே வைக்கோம்" என்று அவள் சொன்னபோது, அவன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, பார்ப்போம் என்றான். சரி என்று சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு நாள் அவளுக்குள் முள் மாதிரி நின்றது. அவன் எதையோ யோசித்திருக்கிறான், அந்த யோசனையில் அவள் இல்லை.

ஆனாலும் முதல் ஒரு மாதம் இனிப்பாகத்தான் போனது. எட்டயபுரத்தில் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில் அவன் பால்கோவா வாங்கி வாயில் போட்டு, மெல்லாமல், கரைய விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே பாத்திரக்கடையில் குத்துவிளக்குக்கு எடை பார்த்துக்கொண்டிருக்கும் வேலுத்தாய்க்கு எழுதுகிற எண் குழம்பி, காது மடல் சிவந்து, "ஏம்மா, காய்ச்சலா?" என்று முதலாளி கேட்கும்படி ஆகும். பதிலுக்கு அவள் ஒரு ஏலக்காயை எடுத்துக் கடிப்பாள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற பஸ்ஸில், சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கிற தங்கமாரியப்பன் ஒரு கணம் விசிலை ஊத மறந்து நிற்பான்.

இரண்டு பேர் நாக்கோடு அது நிற்கவில்லை. வீட்டுக்காரர் பால்ராஜ் சார் வாடகை வாங்க வந்தவர் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வேலுத்தாய் ஜிலேபி தின்றபோது, பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதியில் இனிப்பை மறந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான அவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து நின்று "அடடா" என்றார். அவர் சம்சாரம் பயந்துபோய் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் கையமர்த்தினார். அந்தக் கணக்கின் பணத்தில் வாங்கியதை யார் ஒரு வாய் உண்டாலும் மறுநாள் விடிகிற வரைக்கும் அவர்கள் நாக்கும் இந்த இரண்டு நாக்கோடு சேர்ந்துகொள்ளும் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சர்க்கரையில்லாத அரை டம்ளர் காப்பிக்கு நாலு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஒன்பது பேர். காப்பி குடித்தவர்கள் தோட்டத்து வாழைக்காயோ முருங்கைக்கீரையோ வைத்துவிட்டு, "தாயி, இன்னைக்கு அல்வாவா ஜிலேபியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். பஜார் ஸ்வீட் ஸ்டால்காரர் தானாகவே ஒரு டப்பா மைசூர்பாகு அனுப்பினார். அதைத் தின்றால் வேலுத்தாயைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓசிக்கு அந்த வலு கிடையாது, அந்தக் கணக்கின் காசு கொடுத்து வாங்கியதுதான் பேசியது.

தெருப் பெண்கள் எல்லாம் புருஷன்மாரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். புருஷன்மாரில் பாதிப்பேருக்கு அன்றைக்கென்று வெளியூர் வேலை வந்தது. போனவர்களுக்கும் ஒன்றும் வாய்க்கவில்லை. "எங்க பேங்க்ல அப்படி ஒரு ஸ்கீமே இல்லைம்மா" என்று மேனேஜர் கும்பிட்டார். ஊர் கொஞ்ச நாள் இதைப் பேசியது, பிறகு கரண்ட் எப்போது போகும், தண்ணீர் எப்போது வரும் என்பது மாதிரி, ஆறு மணி ஜிலேபியும் பழகிப்போயிற்று.

சித்திரை மாதம் முதல் வாரத்தில்தான், ஒரு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மூன்றாவது நாக்கு வந்தது.

கடையின் பின்கட்டில் வேலுத்தாய் டிபன் பாக்ஸைத் திறக்கப் போகும்போது அவள் வாயில் வற்றல் குழம்பின் ருசி இறங்கியது. அது அவள் வைத்த குழம்பு இல்லை. அவன் தின்கிற ருசியும் இல்லை, அவன் வாய் அவளுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாயில் ஒரு வெற்றிலைக் காரம் எப்போதும் இருக்கும். காப்பி குடித்தவர்கள் அவரவர் காசில் தின்பது அவளுக்கு வருவதேயில்லை. ஆக, இந்தக் குழம்புக்குக் காசு அவள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. அதை வேறு ஒரு வாய் தின்கிறது. அவசரமில்லாத வாய். சோற்றைச் சிறு சிறு கவளமாக வாங்கி, இடது பக்கமாகவே மென்று, அப்பளத்தை உடைக்காமல் கடைசிக்கு வைத்துக்கொள்கிற வாய். மேல் உதட்டில் லேசாக மஞ்சள் ருசித்தது. பொம்பளை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள். "இன்னைக்கு மத்தியானம் யாருக்காவது சோறு வாங்கிக் குடுத்தீங்களா?"

"இல்லையே."

"உங்க நாக்குக்கு ஒண்ணும் வரலையா?"

"என்னமோ வந்துச்சு. யாராவது உன் காப்பி குடிச்ச ஆளா இருக்கும்." அவன் தட்டைப் பார்த்தே சொன்னான்.

மறுநாளும் ஒன்றரைக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. வேலுத்தாய் வாசலிலும் அடுப்படியிலும் பில் புத்தகத்தின் முன்னாலும் அந்த வாயைப் படித்தாள். அதற்குக் கீரை பிடிக்கும், பாகற்காயைத் தொடாது, முருங்கைக்காயைக் கையிலெடுத்தால் அதில் ஒரு நார் மிச்சமிருக்கும் வரை விடாது. அந்தப் பொறுமைதான் அவளைக் கொன்றது. அவள் எதையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள், பிறந்த வீட்டில் ஆறு பேரோடு தட்டை வழித்தவள். எந்த வாய்க்கு இப்படி நிதானமாகச் சாப்பிட வருமோ அந்த வாய்க்குரியவள் எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள், பஸ் படியில் ஏறும்போது கம்பியை எப்படிப் பிடிப்பாள் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க அந்தப் பெண் அழகாகிக்கொண்டே போனாள்.

பஸ்ஸில் வருகிற காலேஜ் பெண்களை நினைத்தாள், எட்டயபுரத்தில் பூக்கட்டுகிறவளை நினைத்தாள். கடைசியில் வந்து நின்றது ஒரு பெயர். கல்யாணம் பேச வந்த தரகர், "மாப்பிள்ளைக்கு முன்னால ஒரு இடத்துல பூ வச்சது, ஜாதகம் ஒத்துவரலைன்னு விட்டாச்சு, செண்பகவல்லின்னு பேரு" என்று சொல்லியிருந்தார். முகம் தெரியாத பெயர். அந்தப் பெயருக்கு வேலுத்தாய் இந்த வாயை மாட்டிப் பார்த்தாள். பொருந்தியது.

வீட்டுச் செலவில் ஒரு இடம்தான் அவளுக்கு இடித்தது. சித்திரையிலிருந்து ஒவ்வொரு முதல் தேதியும் தங்கமாரியப்பன் "சங்கத்துச் சந்தா கூட்டிட்டாங்க" என்று ஒரு தொகையை எடுத்துப்போனான். அவன் கூட வேலை பார்க்கும் டிரைவரின் மனைவியிடம் ஜாடையாகக் கேட்டாள். சந்தா கூடவேயில்லை. அன்று சாயங்காலம் வேலுத்தாய் கால் கிலோ ஜிலேபியைத் தனியாக உட்கார்ந்து தின்றாள். அழுதுகொண்டே தின்றாள். மறுநாள் காப்பிக்கு வந்த பால்ராஜ் சார், "நேத்து ஜிலேபில உப்பு கூடிப்போச்சேம்மா" என்றார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஒன்றேகால் மணிக்கு அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காய்கறிக் கடைகளின் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மினி பஸ் வந்து நின்றது. அவன் இறங்கினான். யாரையும் தேடவில்லை. யாரும் அவனை நோக்கி வரவுமில்லை. சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து, காலையில் அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை மடியில் வைத்தான். திறக்கவில்லை. கண்ணை மூடினான்.

ஒன்றரை மணி. அவள் நாக்கில் முருங்கைக்காய் சாம்பார் வந்தது. அந்தப் பக்கம் பெஞ்சில் அவன் தாடை மெதுவாக அசைந்தது. அவள் வாயில் கவளம் இறங்கும் அதே நேரத்தில், அதே நிதானத்தில், இடது பக்கமாக. மூடிய கண்ணுக்குக் கீழே அவன் முகம் இப்படி இளகி அவள் பார்த்ததில்லை, பால்கோவா நாட்களில்கூட இல்லை. அவன் ஒருத்தியோடு கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவள் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பாள். இங்கே பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு ஆள், தனியாக, மடியில் பெண்டாட்டி கட்டிய சோற்றை வைத்துக்கொண்டு, வேறொருத்தியின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறான்.

வேலுத்தாய் பக்கத்துக் கடையில் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினாள். தன் பர்ஸில் இருந்த, அந்தக் கணக்கில் எடுத்த காசைக் கொடுத்துத்தான் வாங்கினாள். நின்ற இடத்திலேயே, காம்பைக் கிள்ளி எறிந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மென்றாள்.

பெஞ்சில் தங்கமாரியப்பன் துள்ளி எழுந்தான். டிபன் பாக்ஸ் உருண்டது. ஊரில் அன்று காலை காப்பி குடித்திருந்த பதினோரு பேரும் பதினோரு இடத்தில் ஐயோ என்று கத்தினார்கள், தாலுகா ஆபீஸில் ஒருவர், ரேஷன் கடை வரிசையில் ஒருவர், வாசல் நாற்காலியில் பால்ராஜ் சார். அந்தச் சத்தமெல்லாம் வேலுத்தாய்க்குக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், குருவம்மாள் மெஸ் என்று எழுதிய தட்டிக்கு உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்ணின் அலறல் மட்டும் கேட்டது. அவள் அதை நோக்கி நடந்தாள்.

மெஸ் வாசலில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒருத்தி குனிந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, கறுப்பாக, தீப்பெட்டிக் கம்பெனியின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு இருந்தாள். விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. வேலுத்தாய் மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்திருந்த அழகி இவள் இல்லை. இவளைப் பார்த்ததும் பொறாமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இப்படி இருப்பவளையா இத்தனை நினைக்கிறான் என்று அது இன்னொரு மடங்கு ஏறியது.

அந்தப் பெண் நிமிர்ந்து, எதிரே சிவந்த முகத்தோடும் கையில் மிளகாய்ப் பையோடும் நிற்பவளைப் பார்த்தாள்.

"நீங்கதானாக்கா அது?" என்றாள். "ஆறு மணி ஜிலேபி?"

ஆமாம் என்று வேலுத்தாய் தலையசைத்தாள்.

"உங்க வீட்டுக் காப்பி குடிச்சவங்களுக்கு வருதுன்னு கம்பெனில சொல்லுவாக. நான் குடிச்சதே இல்லையே, எனக்கு ஏன் வருதுன்னு யோசிச்சிருக்கேன். ஒருநாள் ஜிலேபி உப்புக் கரிச்சுது. தீக்குச்சி அடுக்குற கட்டைய வச்சுட்டு நானும் அழுதேன், எதுக்குன்னே தெரியல."

மெஸ்காரம்மா குருவம்மாள் உள்ளேயிருந்து கையை ஆட்டினாள், சொல்லாதே, சொல்லாதே என்று. அந்தக் கையை வேலுத்தாய் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"காப்பிதான் குடிக்கல. சோறு தின்னேல்ல?"

"அது கம்பெனிச் சோறு. புதுசா சேந்தவங்களுக்குக் கம்பெனில குடுக்காக."

"எந்தக் கம்பெனியும் குடுக்கல. தங்கமாரியப்பன் குடுக்காரு. அவரு சம்பளமும் என் சம்பளமும் சேந்த சோறு அது."

அந்தப் பேரைக் கேட்டு அவள் முகம் மாறியதிலேயே வேலுத்தாய்க்குத் தெரிந்தது, இவள்தான் செண்பகவல்லி. அவள் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். குருவம்மாள் கரண்டியால் எதையோ துழாவினாள். இரண்டு பெண்களுக்கும் மிளகாயில் ஏற்கெனவே கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று தெருவில் நின்றவர்களுக்குப் பிடிபடவில்லை. செண்பகவல்லி உள்ளே போய், பாதி இருந்த இலையை எடுத்து வந்து, முருங்கைக்காயோடு, உடைக்காத அப்பளத்தோடு, தொட்டியில் போட்டாள். பிறகு கம்பெனியைப் பார்த்து நடந்தாள். அந்த நடையும் நிதானமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு, கடைசி டிரிப் முடித்து அவன் வந்தான். உதடு வீங்கியிருந்தது. அவளுக்கும்தான்.

"ஜாதகம் ஒத்துவரலைன்னு விட்டதா சொன்னாக," என்றாள்.

"ஜாதகமெல்லாம் ஒத்துதான் வந்துச்சு. நகைக்கு வழியில்லன்னு அவ அப்பா எங்க வீட்டுல வந்து நின்னாரு. எங்க ஆளுக கண்டபடி பேசுனாங்க. நான் அங்கனதான் உக்காந்திருந்தேன். வாயத் தொறக்கல." அவன் சட்டையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "பங்குனில அவ அப்பா செத்துப்போனாரு. இவ தீப்பெட்டிக் கம்பெனிக்கு வர ஆரம்பிச்சா. மத்தியானம் எல்லாரும் சாப்புடும்போது ஒரு பன்னைப் பிச்சுத் தண்ணில நனைச்சுத் தின்னுகிட்டு உக்காந்திருந்தா. பஸ்ல இருந்து பாத்தேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல, எங்க அம்மா மேல சத்தியம்."

"பேசித்தான் ஆகணுமா?"

அவன் தலை குனிந்தது.

"நான் கட்டிக்குடுத்த சோத்த எப்பத் தின்னீங்க?"

"ரெண்டு மணிக்கு. தினமும் தின்னேன். ஒரு பருக்கை மிச்சம் வச்சதில்ல."

"ஒன்றரை மணிக்கு?"

பரிதாபத்துக்காகத் தொடங்கிய ஒன்று எந்த மத்தியானத்தில் வேறொன்றாக மாறியது என்று அவனுக்கே தெரியாது போலும். அது வேலுத்தாய்க்குத் தெரிந்தது. அவன் பொய் சொன்னபோது வந்த கோபத்தைவிட, அவன் பொய் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது அவளை அதிகமாகச் சுட்டது.

அதற்கப்புறம் ஒன்றரை மணிக்கு ஒன்றும் வரவில்லை. தங்கமாரியப்பன் இப்போது ஒன்றரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்தான், அவள் கைச்சோறே அவள் நாக்குக்கு வந்தது. அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அவன் மருந்து குடிக்கிறவன் மாதிரி விழுங்கினான், எள்ளுத் துவையலும் புளிச்சோறும் ஒரே மாதிரி இறங்கின. காப்பிக்காரர்கள் நாலு நாள் பயந்து வரவில்லை, ஐந்தாம் நாள் வந்தார்கள். "தின்னும்மா, மிளகாயும் தின்னு, நான் வேணாங்கல, அரை மணி முன்னால சொல்லி விட்டுட்டுத் தின்னு" என்றார் பால்ராஜ் சார். வேலுத்தாய் தலையை ஆட்டினாள். அந்த மெஸ் பக்கம் போய்ப் பார்க்க அவளுக்குக் கால் எழவில்லை. மத்தியானம் செண்பகவல்லி பன் தின்கிறாளோ, அதுவும் இல்லையோ என்று நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இதையேதானே அவனும் நினைப்பான் என்று தோன்றும், உடனே மறுபடி எரியும்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, பொழுது சாய, மூன்றடுக்குத் தூக்குவாளியோடு செண்பகவல்லி வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வா" என்றாள் வேலுத்தாய்.

"இல்லக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இது என் சம்பளத்துல வாங்கி நானே பொங்குனது. உங்களுக்கு."

"எதுக்கு?"

"அவரு சோத்துக்கு இல்ல. அத நான் கேக்கல, கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். ஜிலேபிக்கு. எங்க அப்பா போனதுக்கு அப்புறம் எனக்கு ஒரு இனிப்பு வாய்ல பட்டதுன்னா அது நீங்க தின்னதுதான்." வாளியைப் படியில் வைத்தாள். கொஞ்சம் நின்று சொன்னாள். "என்னை நினைச்சு வெந்துபோகாதீங்க. பேச வேண்டிய அன்னைக்குப் பேசாத ஆளு எனக்கு எதுக்கு? நீங்கதான் பாத்து இருந்துக்கிடணும்."

போய்விட்டாள்.

வேலுத்தாய் வாளியை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். கீழடுக்கில் குதிரைவாலிச் சோறு, நடுவில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, மேலே கருப்பட்டி உளுந்தங்களி, நடுவில் குழித்து நல்லெண்ணெய். ஒரு கவளம் எடுத்து வைத்தாள். கணக்கு தொடங்கிய பிறகு, அந்த ஓசி மைசூர்பாகைத் தவிர்த்தால் முதல் முறையாக, அவள் வாயில் பட்டது அவள் வாயில் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவனும் இல்லை, பால்ராஜ் சாரும் இல்லை. அவ்வளவு நிசப்தமான ருசி. அதுவும் என்ன ருசி! பத்துப் பிறவி எடுத்தாலும் தனக்கு இந்தக் கைப்பக்குவம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றாள். கொஞ்சம் எடுத்து வைக்கலாமே என்று ஒரு தடவை நினைத்தாள், அவன் பாவம்தானே என்று. பிறகு அந்தக் கைச்சோற்றில் ஒரு பருக்கைகூட அவன் வாய்க்குப் போகக்கூடாது என்று, குழம்பைச் சோற்றால் துடைத்து, களியை விரலால் வழித்து, முழுவதையும் அவளே தின்று முடித்தாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவனுக்கு ரவையை வறுத்து உப்புமா கிண்டினாள்.

ஏழு மணிக்கு வந்தவன் வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். உள்ளே வந்து, கவிழ்த்திருந்த வாளியைப் பார்த்தான்.

"யாரு வந்தா?"

"செண்பகவல்லி."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். "என்ன தின்ன நீ? எனக்கு ஒண்ணும் வரலையே."

"வராது. அது அவ காசு."

அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். குதிரைவாலி என்றபோது சும்மா இருந்தான். கருவாட்டுக் குழம்பு என்றபோது அவன் தொண்டை ஏறி இறங்கியது. உளுந்தங்களி என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான், சுவரைப் பார்த்து.

"நல்லா இருந்துச்சு," என்றாள் வேலுத்தாய். "எனக்குன்னு சொல்லித்தான் குடுத்தா."

தட்டில் உப்புமாவை வைத்து முன்னால் தள்ளினாள். அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். ரவை அவர்கள் காசில் வாங்கியதுதான், அதனால் அந்த வாய் உப்புமா அவளுக்கும் வந்தது. உப்பு சரியாக இருந்தது, கடுகு லேசாகக் கருகியிருந்தது. அதற்கடியில் இன்னொன்று இருந்தது. கசப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, அடித்தொண்டையைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் நின்றது. இதுவரை அவன் வாயிலிருந்து அவளுக்கு வராத ருசி. ஆனாலும் அவளுக்கு அது புதிதில்லை. சித்திரையிலிருந்து அவள் தின்றுகொண்டிருந்தது அதைத்தான்.

அவன் முழுவதையும் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.